கொஞ்சமே மாறிய லேப்டாப்புக்கு இவ்வளவு கோபம் ஏன்?

ஒரு நிறுவனம் தன் லேப்டாப்பின் அடுத்த மாடலை அறிவிக்கிறது. வெளித்தோற்றம் பழையதுதான். திரை, கீபோர்டு, எடை எல்லாம் அதேதான். பிராசஸர் மட்டும் ஒரு தலைமுறை முன்னேறியிருக்கிறது. பேட்டரி கொஞ்சம் கூடுதலாக நிற்கும் என்கிறார்கள். விலையும் ஏறவில்லை. நேற்றுவரை கிடைத்ததைவிடச் சற்று நல்ல பொருள் இன்று அதே காசுக்குக் கிடைக்கிறது. கணக்குப் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இருந்தும் அறிவிப்பு வந்த சில மணி நேரத்தில் வாடிக்கையாளர்கள் கொதிக்கிறார்கள். இதுக்குத்தானா இவ்வளவு நாள் காத்திருந்தோம் என்று கேட்கிறார்கள்.

இதைப் பேராசை என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் கடந்த பதினைந்து, இருபது வருடங்களில் வந்த அப்டேட்களை எடுத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறு. வேகம் போதவில்லை என்ற கோபம் சீக்கிரமே ஆறிவிடுகிறது. எதையோ எடுத்துவிட்டார்கள், எதையோ சொல்லாமல் மாற்றிவிட்டார்கள், கொடுக்க முடிந்ததைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்ற கோபம்தான் வருடக்கணக்கில் நிற்கிறது. அந்தக் கோபத்துக்குப் பெரும்பாலும் நியாயமும் இருந்திருக்கிறது.

முதலில், சின்ன அப்டேட் ஏன் வருகிறது என்று பார்த்துவிடலாம். சிப் செய்பவர்கள் ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை புதிய பிராசஸர் தருகிறார்கள். லேப்டாப்பின் உடல் அந்த வேகத்தில் மாற முடியாது. கூடு, கீல், கீபோர்டு, ஸ்பீக்கருக்கான இடம், சூடு வெளியேறும் பாதை எல்லாவற்றையும் புதிதாக வடிவமைத்து, அச்சு வார்த்து, சோதித்து, லட்சக்கணக்கில் ஒரே தரத்தில் செய்யும் நிலைக்குக் கொண்டுவர நிறைய காலமும் பணமும் தேவை. அதனால் ஒரே கூட்டைச் சில வருடங்கள் ஓட்டி, நடுவில் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுகிறார்கள்.

அந்த உள்ளே இருப்பதும் சில காலம் நகரவில்லை. இன்டெல் நிறுவனம் 2007 வாக்கில் 'டிக்-டாக்' என்ற முறையை வகுத்துக்கொண்டது. ஒரு தலைமுறையில் சிப்பில் இருக்கும் நுண்ணிய சுவிட்சுகளான டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்குவது, அடுத்த தலைமுறையில் பிராசஸரின் வடிவமைப்பைப் புதிதாக்குவது. 2014இல் 14 நானோமீட்டர் சிப்கள் வந்தன (இந்த எண் குறையக் குறைய டிரான்சிஸ்டர் சிறிதாகிறது என்று அர்த்தம்). அதற்கடுத்த 10 நானோமீட்டர் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. 2016இல் டிக்-டாக் முறையைக் கைவிட்டு, அதே 14 நானோமீட்டரிலேயே மெருகேற்றிய கேபி லேக் பிராசஸரை இன்டெல் வெளியிட்டது. 10 நானோமீட்டர் சிப்கள் லேப்டாப்களில் கணிசமாக வந்து சேர 2019 ஆகிவிட்டது. இந்த இடைப்பட்ட வருடங்களில் இன்டெல் சிப்பை நம்பியிருந்த எந்த நிறுவனம் அப்டேட் கொடுத்தாலும் அது சின்னதாகத்தான் இருந்திருக்கும். தாமதம் நடந்தது சிப் தொழிற்சாலையில். வசவு வாங்கியது லேப்டாப் மேல் பெயர் போட்டிருந்தவர்.

அந்த வறண்ட காலத்திலும் ஒரு விதிவிலக்கு உண்டு. 2017 ஆகஸ்டில் இன்டெல்லின் எட்டாவது தலைமுறை மெல்லிய லேப்டாப் சிப்கள் வந்தன. பெயர் வரிசையில் பார்த்தால் வழக்கமான அடுத்த எண், அவ்வளவுதான். ஆனால் அதுவரை இரண்டு கோர்களோடு (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) இருந்த 15 வாட் பிராசஸர்களில் நான்கு கோர்கள் வந்துவிட்டன. டெல் தன் எக்ஸ்பிஎஸ் 13 லேப்டாப்பில் இந்தச் சிப்பை வைத்தபோது 9360 என்ற மாடல் எண்ணைக்கூட மாற்றவில்லை. வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது, உள்ளே கோர்கள் இரட்டிப்பு. ஒரு அப்டேட் சின்னதா பெரியதா என்பதைக் கூட்டைப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், ஏமாற்றமடைகிறவர் யார் என்பதும் முக்கியம். ஒவ்வொரு வருட மாடலையும் பின்தொடர்கிறவருக்கு, போன வருட லேப்டாப்தான் அளவுகோல். 10, 15 சதவீத வேக வித்தியாசத்தை அளவீட்டு மென்பொருள் காட்டும். மின்னஞ்சல் படிக்கும்போதோ கட்டுரை எழுதும்போதோ மனிதருக்குத் தெரியாது. ஆனால் லேப்டாப் வாங்குகிற பெரும்பாலானவர்கள் நான்கைந்து வருடப் பழைய லேப்டாப்பிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு அந்த நான்கைந்து சின்ன அப்டேட்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே நாளில் கிடைக்கின்றன. திருப்தியாக வாங்கிக்கொண்டு போய் வேலையைப் பார்ப்பார்கள். அவர்கள் குரல் எங்கும் கேட்காது.

இன்னொரு அமைதியான கூட்டமும் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் லேப்டாப் வாங்கி ஊழியர்களுக்குக் கொடுக்கும் நிறுவனங்களின் கணினிப் பிரிவு. அவர்களுக்கு மாற்றம் என்றாலே வேலை. லேப்டாப்பைத் திரையோடும் மற்ற கருவிகளோடும் இணைக்க மேஜையில் வைத்திருக்கும் டாக், கையிருப்பில் உள்ள சார்ஜர், தயார் செய்து வைத்த மென்பொருள் தொகுப்பு எல்லாம் புது மாடலிலும் அப்படியே பொருந்த வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்காகவே, குறைந்தது 15 மாதங்களுக்கு முக்கியப் பாகங்களும் அவற்றை இயக்கும் டிரைவர் மென்பொருள்களும் மாறாமல் பார்த்துக்கொள்ளும் திட்டம் ஒன்றை இன்டெல் நடத்துகிறது. தனி வாடிக்கையாளர் 'ஒண்ணுமே மாறலையே' என்று குறைப்படும் அதே அப்டேட்டை, ஒண்ணும் மாறவில்லை என்பதற்காகவே இவர்கள் வாங்குவார்கள். போன மாதம்தான் பழைய மாடலை வாங்கியவரும் இவர்கள் பக்கம்தான். மாற்றம் சின்னது என்று தெரிந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்.

இனி கோபத்துக்கு வருவோம். 2016 அக்டோபர் 27 அன்று ஆப்பிள் அறிவித்த மேக்புக் ப்ரோவைச் சின்ன அப்டேட் என்று சொல்ல முடியாது. உடலே புதிது. ஆனால் சின்ன அப்டேட்கள் மேல் பின்னால் வந்த கோபத்தைப் புரிந்துகொள்ள அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எச்டிஎம்ஐ போர்ட், எஸ்டி கார்டு துளை, காந்தத்தில் ஒட்டும் சார்ஜர் மூன்றும் போயின. எஃப் வரிசை விசைகள் இருந்த இடத்தில் டச் பார் என்ற தொடுதிரைப் பட்டை வந்தது. ராம், அதாவது வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம், 16 ஜிபியைத் தாண்டவில்லை. படம் எடிட் செய்கிறவர்களும் மென்பொருள் எழுதுகிறவர்களும் 32 ஜிபி கேட்டார்கள். போர்ட் பற்றிய கூச்சல் பெருகியதும், அடுத்த மாதமே ஆப்பிள் தன் அடாப்டர்களின் விலையைக் குறைத்தது. ஆனால் 16 ஜிபி வரம்பு நீடித்தது.

அந்த வரம்புக்கு உண்மையான காரணம் ஒன்று இருந்தது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் ராம் வகைகளில் எல்பிடிடிஆர்3ஐ மட்டுமே அன்றைய இன்டெல் பிராசஸர்கள் ஆதரித்தன, அதில் உச்சம் 16 ஜிபி. 32 ஜிபி வேண்டுமானால் கூடுதல் மின்சாரம் தின்னும் சாதாரண டிடிஆர்4 வகைக்குப் போக வேண்டும். லேப்டாப் மூடித் தூங்கும்போதும் அந்த ராம் பேட்டரியைக் கரைத்துக்கொண்டிருக்கும். இதைத் தாங்குவதற்குப் பேட்டரியை இஷ்டத்துக்குப் பெரிதாக்கவும் முடியாது. விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய லித்தியம் பேட்டரிக்கு 100 வாட்-மணி என்று வரம்பு இருக்கிறது. தவிர, லேப்டாப்பும் கனமாகிவிடும்.

2018 ஜூலையில் ஆப்பிள் வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுத்தது. அதே கூடு, அதே போர்ட்கள். 15 அங்குல மாடலில் ஆறு கோர் பிராசஸர், 32 ஜிபி டிடிஆர்4 ராம். அந்த ராம் தின்பதை ஈடுகட்ட, பேட்டரி 76 வாட்-மணியிலிருந்து 83.6 வாட்-மணிக்கு ஏறியது. ஒரு சின்ன அப்டேட்டுக்கு இதைவிட நேர்மையான வடிவம் இருக்க முடியாது. கேட்டது கிடைத்தது, அதற்கான விலை என்ன என்பதும் பேட்டரி எண்ணிலேயே தெரிந்தது.

ஆனால் அதே அப்டேட்டில் வேறு இரண்டு விஷயங்கள் நடந்தன. பழைய உடலுக்குள் வைத்த ஐ9 பிராசஸர், கனமான வேலை கொடுத்தால் சூடேறித் தன் அடிப்படை வேகத்துக்கும் கீழே போனது. வாங்கியவர்கள் உடனே கண்டுபிடித்தார்கள். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஃபர்ம்வேரில் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டுப் போனதாக ஆப்பிள் விளக்கம் சொல்லி, இரண்டு வாரத்துக்குள் திருத்தம் வெளியிட்டது. கூடு மாறாமல் பிராசஸர் மட்டும் வலுவாகும்போது முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். பழைய சிப்புக்காக வடிவமைத்த மின்விசிறிகளும் சூடு கடத்தும் குழாய்களும் புதிய சிப்பின் சூட்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கீபோர்டு. 2015இல் 12 அங்குல மேக்புக்கிலும் அடுத்த வருடம் மேக்புக் ப்ரோவிலும் வந்த பட்டர்ஃப்ளை கீபோர்டில், தூசி புகுந்தால் விசை ஒட்டிக்கொள்ளும், அல்லது ஒரு எழுத்து இரண்டு முறை விழும். 2018 ஜூனில் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தது. அடுத்த மாதம் வந்த இந்த அப்டேட்டில் விசைகளுக்கு அடியில் மெல்லிய சிலிகோன் சவ்வு ஒன்று சேர்ந்திருந்தது. வெளியே சொன்ன காரணம், தட்டச்சுச் சத்தம் குறைவு என்பது. தூசி உள்ளே போகாமல் தடுக்கவே அந்தச் சவ்வு என்பது பிரித்துப் பார்த்தவர்கள் வழியாகவும் பழுது பார்ப்பவர்களுக்கான உள் ஆவணம் வழியாகவும் தெரிய வந்தது. இரண்டு வருடமாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தவரிடம் 'உங்கள் குறையைச் சரிசெய்யப் பார்த்திருக்கிறோம்' என்று சொல்லியிருந்தால் அது நல்ல செய்தியாகப் போயிருக்கும். சொல்லாமல் விட்டதால் அதுவும் குற்றப்பட்டியலில் சேர்ந்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாடலில் பழைய கத்தரிக்கோல் வகை விசைகள் திரும்பின. அமெரிக்காவில் தொடுத்த கூட்டு வழக்கில் 2022இல் 5 கோடி டாலர் தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 2021 அக்டோபரில் எச்டிஎம்ஐ, எஸ்டி துளை, காந்தச் சார்ஜர் மூன்றும் 14, 16 அங்குல மாடல்களில் மறுபடி வந்துசேர்ந்தன, டச் பார் அவற்றிலிருந்து போனது.

இழப்பு மனிதருக்கு ஆதாயத்தைவிடப் பெரிதாகத் தெரியும் என்று டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய ஆய்வு பொருளியலில் மிகவும் பேசப்பட்டது. லேப்டாப் அப்டேட்களில் இதை அப்படியே பார்க்கலாம். 20 சதவீதம் வேகம் கூடினால் 'சரி' என்று தலையாட்டிவிட்டுப் போகிறவர், தினமும் விரல் தேடும் ஒரு பொத்தான் காணாமல் போனால் அதை மறக்கவே மாட்டார்.

திங்க்பேட் லேப்டாப் வாடிக்கையாளர்கள் இதில் மிகவும் உறுதியானவர்கள். கீபோர்டின் நடுவில் இருக்கும், திரையில் அம்புக்குறியை நகர்த்தும் சிவப்புக் குமிழான டிராக்பாயின்ட் 1992 முதல் அந்த லேப்டாப்பின் அடையாளம். 2013இல் வந்த டி440 வரிசையில், டிராக்பாயின்டோடு சேர்த்துப் பயன்படுத்தும் தனிப் பொத்தான்களை லெனோவோ எடுத்துவிட்டு டச்பேடிலேயே அழுத்தச் சொன்னது. 2014இன் எக்ஸ்1 கார்பனில் எஃப் விசைகளுக்குப் பதில் தொடுபட்டை வைத்தது. இரண்டையும் வாடிக்கையாளர்கள் ஏற்கவில்லை. 2015 மாடல்களில் பொத்தான்களும் திரும்பின, எஃப் விசைகளும் திரும்பின. அந்த வருட மாடல்களை வேகத்துக்காக யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. 2017இல் திங்க்பேடின் 25ஆம் ஆண்டுக்காக ஏழு வரிசைப் பழைய கீபோர்டோடு லெனோவோ ஒரு சிறப்பு மாடலை வெளியிட்டது. அதில் இருந்தது இரண்டு கோர் கொண்ட ஏழாவது தலைமுறை இன்டெல் சிப். நான்கு கோர் சிப்கள் வர ஆரம்பித்திருந்த நேரம் அது. தெரிந்தே விரும்பி வாங்கியவர்கள் இருந்தார்கள்.

ஆப்பிளிலும் இதற்கு முன்பே இப்படி நடந்திருக்கிறது. 2008 அக்டோபரில் அலுமினிய மேக்புக்கிலிருந்து ஃபயர்வயர் போர்ட்டை எடுத்தார்கள். வீடியோ கேமராவையும் ஒலிப்பதிவுக் கருவிகளையும் அதில் இணைத்துக்கொண்டிருந்தவர்கள் கொந்தளித்தார்கள். எட்டு மாதத்தில், 2009 ஜூன் அப்டேட்டில், ஃபயர்வயர் திரும்பி வந்தது. அதோடு எஸ்டி கார்டு துளையும் வந்தது, லேப்டாப்பின் பெயரும் மேக்புக் ப்ரோ என்று உயர்ந்தது. எல்லோரும் பாராட்ட வேண்டிய அப்டேட். ஆனால் வாங்கியவர்கள் உள்ளே நுழைந்து பார்த்ததில், வன்தட்டை இணைக்கும் வழியின் வேகம் முந்தைய மாடலின் 3 ஜிகாபிட்டிலிருந்து 1.5 ஜிகாபிட்டாகக் குறைந்திருந்தது. சாதாரண வன்தட்டில் இது தெரியாது. வன்தட்டுக்குப் பதில், சிப்களில் தகவலைச் சேமிக்கும் வேகமான எஸ்எஸ்டி வாங்கிப் போட்டவருக்குத் தெரியும். புகார்கள் கிளம்பின, இரண்டு வாரத்தில் ஃபர்ம்வேர் திருத்தம் வந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் ஏற்றம், உள்ளே ஒரு இறக்கம். இந்த வகை மாற்றம்தான் வாடிக்கையாளரை மிகவும் புண்படுத்துகிறது என்று நினைக்கிறேன். 2022இல் ஆப்பிளே வடிவமைத்த எம்2 சிப்போடு வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவிலும் மேக்புக் ஏரிலும் இதேதான் நடந்தது. 256 ஜிபி மாடலில் முன்பு இரண்டு சேமிப்புச் சிப்கள் இருந்த இடத்தில் ஒரே சிப் வைத்தார்கள். மொத்தக் கொள்ளளவு மாறவில்லை. ஆனால் இரண்டு சிப்களில் ஒரே சமயத்தில் படித்து எழுதும் வசதி போனதால், எஸ்எஸ்டி படிக்கும் வேகம் எம்1 மாடலில் இருந்ததில் ஏறக்குறைய பாதியானது. 8 ஜிபி ராம் நிரம்பி, வழிவதை எஸ்எஸ்டியில் வைக்கும்போது இது நேரடியாக வேலையைத் தாமதப்படுத்தும். 2024இன் எம்3 ஏரில் இரண்டு சிப்கள் திரும்பின. 2023இன் எம்3 ப்ரோ சிப்பிலும் ராமோடு பேசும் வேகம் முந்தைய எம்2 ப்ரோவின் 200 ஜிகாபைட்டிலிருந்து 150க்கு இறங்கியது. 12 கோர் என்ற எண்ணிக்கை அப்படியே இருந்தாலும், வேகமான கோர்கள் எட்டிலிருந்து ஆறாகி, சிக்கனமான கோர்கள் நான்கிலிருந்து ஆறாகின.

பெயரே குழப்புகிற இடங்களும் உண்டு. இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் 2023 லேப்டாப் சிப் வரிசையில் ரைசன் 5 7520யூ, 7530யூ, 7540யூ என்று மூன்று சிப்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். உள்ளே இருப்பது முறையே ஸென் 2, ஸென் 3, ஸென் 4 வடிவமைப்புகள். ஸென் 2 முதலில் வந்தது 2019இல். மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைக் குறிக்கிறது என்பதை ஏஎம்டி வெளிப்படையாகவே சொல்லியிருந்தது என்பது உண்மைதான். ஆனால் கடையில் நின்று பெட்டியைப் பார்க்கிறவரிடம் அந்த அட்டவணை இருக்காது. 7 என்று தொடங்குவதால் இந்த வருடத்துப் புதுச் சிப் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

நிறுத்தி வைத்தல் என்று சொன்னேன். அதற்கு 8 ஜிபி கதையே போதும். 2012 ஜூனில் வந்த 15 அங்குல ரெட்டினா மேக்புக் ப்ரோவின் தொடக்க மாடலில் 8 ஜிபி ராம். 2023 அக்டோபரில் வந்த 14 அங்குல மேக்புக் ப்ரோவின் தொடக்க மாடலிலும் 8 ஜிபி. இந்த எண் ஏன் இவ்வளவு எரிச்சலைக் கிளப்பியது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முன்பெல்லாம் குறைந்த ராம் உள்ள மாடலை வாங்கி, கீழ்மூடியைக் கழற்றி, நாமே கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். அந்த 2012 ரெட்டினா மாடலிலேயே ராம், கழற்ற முடியாதபடி போர்டில் சால்டர் செய்யப்பட்டு வந்தது. மெல்லிய லேப்டாப்களில் இது பிறகு பரவலானது. அதனால் வாங்கும் நாளில் இருப்பதுதான் அந்த லேப்டாப் சாகும்வரை இருக்கும். ஒரு வருட அப்டேட்டில் நிறுவனம் எந்த அளவைத் தொடக்கமாக வைக்கிறது என்பது, வாங்குகிறவருக்கு அடுத்த ஐந்தாறு வருடங்களுக்கான தீர்ப்பு. 2024 அக்டோபர் 30 அன்று, சந்தையில் இருந்த மேக்புக் ஏர் மாடல்களின் தொடக்க ராமை விலை மாறாமல் 16 ஜிபி ஆக்கினார்கள். பிராசஸர்கூட மாறவில்லை. என் பார்வையில் அந்த வருடத்தின் மிகப் பயனுள்ள லேப்டாப் அப்டேட்களில் அதுவும் ஒன்று.

எதிர்பார்ப்பு ஏன் இவ்வளவு ஊதிப் பெருக்கிறது என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1981இல் சுமார் 11 கிலோ எடையுள்ள, கையில் தூக்கிச் செல்லும் கணினியை விற்ற ஆஸ்போர்ன் நிறுவனம் 1983இல் திவாலானது. அடுத்து வரப்போகும் மாடல்களைப் பற்றி முன்கூட்டியே பேசியதால் இருந்த மாடலை வாங்குவதை மக்கள் நிறுத்திவிட்டார்கள் என்று பரவலாகச் சொல்வார்கள். அது மட்டுமே காரணமா என்பதில் விவாதம் உண்டு. ஆனால் தொழில்துறை அதைப் பாடமாக எடுத்துக்கொண்டது. அடுத்த மாடல் பற்றி வாயே திறப்பதில்லை. நிறுவனம் பேசாத இடத்தை வதந்தி நிரப்புகிறது. புதிய திரை, புதிய கூடு என்று மாதக்கணக்கில் மனதில் கட்டிய லேப்டாப்போடுதான் உண்மையில் வந்த லேப்டாப் ஒப்பிடப்படுகிறது.

அப்டேட் என்பதையே வேறு மாதிரி செய்து பார்க்கிற முயற்சியும் நடக்கிறது. நிரவ் படேல் தொடங்கிய ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021இல் தன் முதல் லேப்டாப்பை விற்றது. 2022இல் புதிய இன்டெல் தலைமுறை வந்தபோது, முழு லேப்டாப்போடு சேர்த்து மெயின்போர்டை மட்டும் தனியாகவும் விற்றது. பழைய லேப்டாப்பின் மூடியைத் திறந்து, போர்டை மாற்றிக்கொண்டால் போதும். கழற்றிய போர்டைத் தனிக் கூட்டில் வைத்துச் சின்ன டெஸ்க்டாப்பாகப் பயன்படுத்தலாம். 2024இல் கூர்மையான புதிய திரை வந்தபோதும், முதல் மாடல் வாங்கியவர்கள்கூட அதை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ள முடிந்தது. இங்கேயும் குறைகள் சொல்கிறார்கள்: விலை அதிகம், பேட்டரி இன்னும் நிற்கலாம். ஆனால் 'என் லேப்டாப்பைப் பழசாக்கிவிட்டார்கள்' என்ற புகாருக்கு இங்கே இடம் குறைவு. பிராசஸர் மட்டும் மாறிய வருடத்தில் அது தேவைப்படுகிறவர் போர்டை வாங்குகிறார், தேவைப்படாதவர் அந்த வருடத்தை விட்டுவிடுகிறார்.